ஆம்ப் ஓரமாக நின்றவர்

2018 ஆகஸ்ட் மாதம் சில படங்கள் வெளியே வந்தன. பார்த்தால் ஒன்றுமே இல்லாத படங்கள். கனடாவின் வான்கூவர் நகரில் பாடகர் பிரையன் ஆடம்ஸுக்குச் சொந்தமான வேர்ஹவுஸ் என்ற ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது. அதன் பின்பக்கம் வெளியே வந்து காற்று வாங்கிக்கொண்டிருக்கும் இரண்டு வயதானவர்கள். பக்கத்திலிருந்த உயரமான இடத்திலிருந்து யாரோ எடுத்தது, முகம்கூட அவ்வளவு தெளிவில்லை. ஒருவர் பிரையன் ஜான்சன். இன்னொருவர் பில் ரட்.

ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். திறந்த டப்பா திறந்தபடியே இருக்க, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசை நண்பர் "என்ன, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். எப்படிச் சொல்வது? அந்த இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்பதற்கு வழியே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2014 செப்டம்பரில் மால்கம் யங் இசைக்குழுவை விட்டு விலகிவிட்டார், அவருக்கு மறதிநோய் என்று செய்தி வந்தது. குழுவைத் தொடங்கியவரே அவர்தான். அதே ஆண்டு நவம்பரில் டிரம்மர் பில் ரட் நியூசிலாந்தில் தன் வீட்டில் கைது செய்யப்பட்டார். வழக்கு, தீர்ப்பு, எட்டு மாத வீட்டுக்காவல் என்று போனது. 2016 மார்ச்சில் பாடகர் பிரையன் ஜான்சனிடம் மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இனி மேடை ஏறினால் காது முழுவதுமாகப் போய்விடும். மீதி இருந்த கச்சேரிகளில் கன்ஸ் அண்ட் ரோசஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸ் வந்து பாடினார். கால் எலும்பு முறிந்திருந்ததால் லிஸ்பனில் நடந்த முதல் கச்சேரியை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். நன்றாகத்தான் பாடினார், அதை மறுக்க மாட்டேன். ஜான்சனுக்கு முன்னால் பாடிய பான் ஸ்காட் காலத்துப் பழைய பாடல்களை அவர் பாடியதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துபோனார்கள். அந்தச் சண்டையில் பழைய நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுற்றுப்பயணம் 2016 செப்டம்பரில் பிலடெல்பியாவில் முடிந்தபோது, 1977 முதல் பேஸ் கிட்டார் வாசித்துவந்த கிளிஃப் வில்லியம்ஸும் ஓய்வு பெறுகிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மிச்சம் மால்கமின் தம்பி ஆங்கஸ் யங் மட்டும். பள்ளிக்கூடச் சீருடை, அரைக்கால் சட்டை, கையில் கிப்சன் எஸ்ஜி கிட்டார்.

2017 இன்னும் கொடுமையான ஆண்டு. அக்டோபர் 22ஆம் தேதி இவர்களின் அண்ணன் ஜார்ஜ் யங் இறந்தார். ஏசி/டிசியின் ஆரம்பகால ஆல்பங்களை ஹாரி வாண்டாவுடன் சேர்ந்து தயாரித்தவர், தம்பிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். சரியாக நான்கு வாரம் முடிவதற்குள், நவம்பர் 18ஆம் தேதி மால்கம். வயது 64. சிட்னியில் புனித மேரி பேராலயத்தில் இறுதிச் சடங்கு. அண்ணனின் கிட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோகும் ஆங்கஸின் படம் ஒன்று உண்டு. மேடையில் ஒரு நிமிடம் சும்மா நிற்காத அந்த மனிதர் அதில் குனிந்த தலையோடு போகிறார். அன்றைக்கு எனக்கு ஏசி/டிசி முடிந்துபோன கதை.

அதனால்தான் பின்பக்கத்தில் காற்று வாங்கிய அந்த இரண்டு கிழவர்களைப் பார்த்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

*

மால்கம் யங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஏசி/டிசி என்றால் ஆங்கஸ். சீருடையில் துள்ளுபவர், தரையில் புரண்டுகொண்டு வாசிப்பவர். மால்கம் எங்கே நிற்பார் என்றால் பின்னால், கிட்டார் ஒலியைப் பெருக்கும் மார்ஷல் ஆம்ப்களின் ஓரமாக, டிரம்ஸுக்குப் பக்கத்தில். ஜீன்ஸ், கையில்லாத பனியன், முகத்தை மறைக்கும் முடி. கோரஸ் வரும்போது நாலடி முன்னால் வந்து மைக்கில் பாடுவார். முடிந்ததும் அதே நாலடி பின்னால் போய்விடுவார். இரண்டு மணி நேரமும் இதுதான்.

ஆரம்பத்தில் அவரும் முன்னால் நின்று தனி வாசிப்பு வாசிக்கும் லீட் கிட்டார் வாசித்தவர்தான், அதுவும் நன்றாக. தம்பியை முன்னால் விட்டுவிட்டுத் தான் பின்னால் போனார். பின்னால் போனாரே தவிர, பாட்டின் வேகம், எந்தப் பாட்டை எடுப்பது, யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது என்று எல்லா முடிவும் அவருடையது. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைச் சின்ன வயதில் வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எல்லோரும் பெரியவரின் விரல்களைப் பார்ப்பார்கள், எனக்கு மட்டும் அந்த ஒத்துக்காரர் எப்போது மூச்சு விடுவார் என்பதுதான் கவலை. மால்கமின் வேலை ஒத்து இல்லை, அது வேறு. ஆனால் மேடையின் ஓரத்தில் நிற்பவர் நிறுத்திவிட்டால் நடுவில் நிற்பவர் என்ன ஆவார் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் முதலில் வந்தது.

அவருடைய கிட்டார் 1963ஆம் ஆண்டு கிரெட்ச் ஜெட் ஃபயர்பேர்ட். சிவப்புச் சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மரம் தெரிய வைத்திருந்தார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிப் போட்டார். கழற்றிய இடத்தில் ஓட்டை அப்படியே தெரியும், அதை மூடக்கூட இல்லை. பெரும்பாலான ராக் கிட்டார்காரர்கள் வளைக்கச் சுலபமாக மெல்லிய கம்பி போடுவார்கள். இவர் போட்டது தடித்த கம்பி. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. கடினமான ராக் இசை என்றாலே ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனை முழுவதுமாகத் திருகிவைப்பது என்றுதான் எல்லோரும் நினைப்போம். மால்கமின் ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அது ஏறக்குறைய சுத்தமான ஒலி. ஆம்ப் சத்தமாக இருக்கும், கை அழுத்தமாக இருக்கும், ஆனால் அந்த ஒலியில் கரகரப்பு குறைவு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். தப்பு செய்தால் மறைத்துக்கொள்ள இடமே இல்லை.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. கல்லூரியில் எங்கள் இசைக்குழுவில், மால்கமைப் போல, பாட்டின் தாளத்தைத் தாங்கும் ரிதம் கிட்டார் நான். தொண்ணூறுகளின் கடைசி. ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் கொடுத்த ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' கேசட்டை நாடா தேயும்வரை கேட்டுவிட்டு, கல்ச்சுரல்ஸில் அதிலிருந்து ஒரு பாட்டு வாசிப்பது என்று முடிவெடுத்தோம். கஷ்டமான பாட்டுகளை விட்டுவிட்டு இதை எடுத்ததற்குக் காரணம் எனக்காகத்தான். ஏ, டி, ஜி, ஈ. கிட்டார் பிடித்த முதல் மாதத்தில் எல்லோரும் கற்றுக்கொள்ளும் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிட்டேன்.

மூன்று வாரம் ஒத்திகை பார்த்தும் பாட்டு எழுந்திருக்கவே இல்லை. எல்லாச் சுரமும் சரி, வேகமும் சரி, ஆனால் செத்துக் கிடந்தது. கடைசியில் டிரம்ஸ் வாசித்த நண்பன்தான் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "டேய், நீ எப்ப அடிக்கணும்கிறது உனக்குத் தெரியுது. எப்ப நிறுத்தணும்னு தெரியல. நீ கம்பியை விட மாட்டேங்கற. நான் அடிக்கிற ஸ்நேர் டிரம் உனக்குள்ளயே மூழ்கிப்போவுது."

அவன் சொன்னது அப்படியே உண்மை. அன்றிரவு கேசட்டை மறுபடி போட்டு அந்த ஒன்றை மட்டும் கவனித்தேன். கார்ட் ஒலிக்கிறது. பிறகு ஒரு வெட்டு. கம்பிமேல் கையை வைத்து ஒலியை அப்படியே அணைத்துவிடுகிறார். அந்தக் காலியான இடத்தில் பில் ரட்டின் ஸ்நேர் வந்து விழுகிறது. பிறகு மறுபடி கார்ட். அவருடைய இசை பாதி இந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. பில் ரட்டும் அப்படிப்பட்ட ஆள்தான். அலங்காரம் எதுவும் கிடையாது, ஒரு துளி தாமதமாக விழுகிற மாதிரி இருக்கும் அந்த அடி, உடம்பைத் தானாக ஆட்டிவிடும். கல்ச்சுரல்ஸில் வாசித்தோம். பரிசு வரவில்லை. ஆனால் அந்த மூன்று வாரங்களுக்குப் பிறகு நான் எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் தேடுவது ஓரத்தில் நிற்கும் ஆளைத்தான்.

*

2008இல் 'பிளாக் ஐஸ்' ஆல்பம் வந்தது. அதற்கு முந்தைய ஆல்பம் 2000ஆம் ஆண்டு. அந்த எட்டு ஆண்டு இடைவெளியில் சகோதரர்கள் இருவரும் உட்கார்ந்து எழுதிக் குவித்தார்கள். பாட்டைத் தாங்கும் சின்னக் கிட்டார் வரிகளான ரிஃப்கள், பாதிப் பாட்டுகள், தலைப்புகள், பெட்டி பெட்டியாக. அப்போதே மால்கமுக்கு நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டது. நோய் என்று தெரிந்தபிறகும் சுற்றுப்பயணத்தை விடவில்லை. தான் எழுதிய, முப்பது ஆண்டுக்கு மேலாகத் தான் வாசித்த ரிஃப்களை, கச்சேரிக்கு முன்னால் புதிதாகக் கற்பவரைப் போல மறுபடி உட்கார்ந்து பழகிக்கொண்டு மேடை ஏறினார். 2010 ஜூன் 28, ஸ்பெயினின் பில்பாவோ நகரம். அதுதான் அவருடைய கடைசி மேடை. கூட்டத்தில் இருந்த யாருக்கும் அது தெரியாது. அன்றைக்கும் கோரஸுக்கு நாலடி முன்னால் வந்திருப்பார், நாலடி பின்னால் போயிருப்பார்.

பிற்பாடு ஆங்கஸ் ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் என்னை விட்டுப் போகவே இல்லை. மால்கமின் கடைசிக் காலத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக் காட்டுவாராம். அண்ணன் கால் தட்டப் பார்ப்பாராம். பேர் ஊர் எல்லாம் மறந்துபோகிற நோயில் தாளம் மட்டும் காலில் தங்கியிருக்கிறது.

மால்கம் போனபிறகு ஆங்கஸ் அந்தப் பெட்டிகளைத் திறந்தார். 'பிளாக் ஐஸ்' சமயத்தில் மீந்துபோன யோசனைகள், இருவரும் சேர்ந்து பதிந்துவைத்த துண்டுகள். அவற்றிலிருந்துதான் 'பவர் அப்' ஆல்பம் உருவானது. 12 பாட்டு, 41 நிமிடம். பன்னிரண்டுக்கும் எழுதியவர்கள் என்று ஆங்கஸ் யங், மால்கம் யங் என்றுதான் போட்டிருக்கிறது.

ஆல்பம் வருவதற்கு முன்னால் ஒரு வதந்தி பரவியிருந்தது. மால்கம் பதிந்துவைத்த கிட்டாரையே எடுத்து ஒட்டி ஆல்பம் செய்கிறார்கள் என்று. ரசிகர்களில் பலர் அதை ஆசையோடு நம்பினார்கள். எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. இறந்தவரின் குரலை, வாசிப்பைத் துண்டு துண்டாக எடுத்துப் புதிய பாட்டில் தைப்பது இப்போது எளிது, எல்லோரும் செய்கிறார்கள். ஆங்கஸ் செய்யவில்லை. அண்ணனுக்கு அப்படி ஒட்டுவேலை பிடித்திருக்காது என்று விட்டுவிட்டார். ரிஃப் மால்கமுடையது, வாசித்தது ஸ்டீவி யங்.

ஸ்டீவி இவர்களுக்கு அண்ணன் மகன். வயதில் ஆங்கஸைவிட இரண்டு வருடத்துக்கும் குறைவாகத்தான் சின்னவர். 1988இல் மால்கம் குடிப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காகச் சில மாதம் ஒதுங்கியபோது, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அவர் இடத்தில் நின்று வாசித்ததும் இதே ஸ்டீவிதான். கூட்டத்தில் பலர் மால்கம்தான் வாசிக்கிறார் என்றே நினைத்துவிட்டுப் போனார்களாம். கிளாஸ்கோ நகரிலிருந்து 1963இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிய குடும்பம் அது. குழுவுக்குப் பெயர் வந்தது அக்கா மார்கரெட்டால். தையல் இயந்திரத்தில் ஏசி/டிசி என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்னார். ஆங்கஸுக்குப் பள்ளிச் சீருடை யோசனையும் அக்கா கொடுத்ததே. கிட்டாரைக் கீழே வைக்க நேர்ந்தால் எடுத்துக்கொள்ளக் குடும்பத்திலேயே இன்னொரு கை இருந்திருக்கிறது.

பிரையன் ஜான்சனின் காதுக்கு வருவோம். மேடையில் பாடகர்கள் காதுக்குள் வைத்துக்கொள்ளும் சின்ன ஒலிக்கருவிகளை உருவாக்கியவர்களில் முன்னோடி ஸ்டீபன் ஆம்புரோஸ். ஜான்சனின் செய்தி கேட்டு அவரே தொடர்புகொண்டு, என்னால் முடியும் என்றார். முதலில் கொண்டுவந்த கருவி கார் பேட்டரி அளவுக்கு இருந்ததாம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டதும் ஜான்சனுக்கு ஒலி கேட்டது. இரண்டு மூன்று ஆண்டு உழைத்து அதைச் சின்னதாக்கினார்கள். ஆல்பம் வெளியானபோது ஜான்சனுக்கு 73 வயது.

*

'பேக் இன் பிளாக்' இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1980 பிப்ரவரி 19, பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்தார். குழுவைக் கலைத்துவிடுவதா என்று யோசித்தவர்கள், அதே ஆண்டு ஜூலை 25ஆம் தேதி புதிய பாடகர் ஜான்சனோடு ஆல்பத்தை வெளியிட்டுவிட்டார்கள். ஐந்து மாதம். பஹாமாஸ் தீவில் பதிந்தது. துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு கோவில் மணி போலக் கனமாக மணி அடிக்கும், அது பானுக்கான மணி. உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பங்களில் அது ஒன்று.

'பவர் அப்' மால்கமுக்காக என்று ஆங்கஸே சொன்னார், 'பேக் இன் பிளாக்' எப்படி பானுக்கோ அப்படி. ரசிகர்களும் அந்த ஒப்பீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் ஒரே மாதிரி படவில்லை. பான் போனபோது ஆங்கஸும் மால்கமும் இருபதுகளில் இருந்த பையன்கள். துக்கத்தை வேலையில் போட்டு அடித்தார்கள். அந்த ஆல்பத்தில் ஒரு வெறி உண்டு. இங்கே ஆங்கஸுக்கு 65 வயதாகிவிட்டது. அண்ணன் எழுதிவைத்ததை எடுத்துத் தூசி தட்டி, எதையும் மாற்றாமல், அவர் நடத்திய வேகத்திலேயே நடத்திக் காட்டுகிறார். அழுகைப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. மணியும் இல்லை, கறுப்பு அட்டையும் இல்லை. அட்டையில் சிவப்பாக எரியும் குழுவின் பெயர். கரண்ட் வந்துவிட்டது என்கிற மாதிரி.

2020 செப்டம்பர் கடைசியில், சிட்னியில் ஆங்கஸ் படித்த பழைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சுவரொட்டிகள் முளைத்தன. பிறகு ஐந்து பேரின் படம். ஆங்கஸ், ஜான்சன், ரட், வில்லியம்ஸ், ஸ்டீவி. இரண்டு ஆண்டு முன்னால் அந்தத் தெளிவில்லாத படத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போனார்கள். அக்டோபர் 7ஆம் தேதி முதல் பாட்டு வந்தது. ஆல்பம் நவம்பர் 13, வெள்ளிக்கிழமை.

மறுநாள் தீபாவளி. வீட்டில் பலகாரம் முடிந்து, எல்லோரும் படுத்தபிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். அந்த வருடம் எட்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே இருந்தாயிற்று. தெரிந்தவர்கள் இரண்டு பேரின் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. எங்கேயோ ஓரிரண்டு வெடிச் சத்தம். முதல் பாட்டு தொடங்கியது.

ஒரு காதில் ஆங்கஸ், மறு காதில் இன்னொரு கிட்டார். கார்ட். வெட்டு. ஸ்நேர். கார்ட்.

நான் அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வாசித்தது ஸ்டீவி என்று தெரியும். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தவர் வேறு ஒருவர். அந்த வெட்டு மால்கமுடையது.

நான்காவது பாட்டு 'த்ரூ த மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்'. ஆல்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், உலகம் முழுக்க ரசிகர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஏசி/டிசியிடம் அபூர்வமாக வரும் ஒரு இனிமை அதில் இருக்கிறது. பழைய நாட்களைத் திரும்பிப் பார்க்கிற பாட்டு, ஆனால் வேகத்தை ஒரு இழை குறைக்காமல் திரும்பிப் பார்க்கிறது. 'டீமன் ஃபயர்' கேட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். கடைசியில் வரும் இரண்டு மூன்று பாட்டுகள் சுமார்தான். பத்துப் பாட்டோடு நிறுத்தியிருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மால்கம் உயிரோடு இருந்திருந்தால் அவற்றை விட்டிருக்க மாட்டார் என்று ஒரு ரசிகர் வாதாடினார், அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஜான்சனின் குரல் 1980இல் இருந்த குரல் கிடையாது. உச்சத்துக்குப் போகிற இடங்களில் கவனமாகப் போகிறார். ஆனால் காது போய்விட்டது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் பாடுகிறார் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் அந்தக் கவனமே அழகாக இருக்கிறது.

ஆல்பம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று பல நாடுகளில் முதல் இடத்துக்குப் போனது. அமெரிக்காவில் முதல் வாரத்தில் 1,17,000 பிரதிக் கணக்கு, அதில் பெரும்பகுதி முழு ஆல்பமாகக் காசு கொடுத்து வாங்கியது. ஜெர்மனியில் அந்த ஆண்டிலேயே அதிகம் விற்ற ஆல்பம் இது. திறந்தால் விளக்கு எரிந்து பாட்டு ஒலிக்கும் பெட்டி ஒன்றும் விற்றார்கள். பாட்டை யாரும் சொந்தமாக வாங்காத காலத்தில், சாமி படத்துக்கு வைக்கிற மாதிரி அந்தப் பெட்டியை அலமாரியில் விளக்கெரிய வைத்திருப்பவர்கள் உண்டு.

ரசிகர்கள் சொன்னதில் என்னை யோசிக்கவைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான், எல்லாத் திசையிலிருந்தும் வந்தது: "அதே மாதிரியே இருக்கிறது." இதே வாக்கியத்தை நாற்பது ஆண்டாக விமர்சகர்கள் குறையாகச் சொல்லிவந்தார்கள். ஒரே ஆல்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்று. இந்த முறை ரசிகர்கள் அதையே சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். சிலர் திட்டவும் செய்தார்கள், மூன்று நிமிடப் பாட்டில் ஒரு புதிய திருப்பம்கூட இல்லையே, இவ்வளவு நடந்தபிறகும் இவர்களிடம் சொல்ல வேறு எதுவும் இல்லையா என்று. நியாயமான கேள்வி. நானும் சில குழுக்களிடம் அதைக் கேட்பேன்.

இவர்களிடம் ஏன் கேட்கவில்லை என்றால், அதே மாதிரி இருப்பது எவ்வளவு கடினம் என்று அந்த ஹாஸ்டல் அறையில் மூன்று வாரம் பட்டிருக்கிறேன். பாடகருக்குக் காது இல்லை. டிரம்மர் நீதிமன்றம் போய்த் திரும்பியவர். பேஸ் வாசித்தவர் ஓய்விலிருந்து வந்தவர். ரிதம் கிட்டாரை எழுதியவர் கல்லறையில். இத்தனை இடத்தில் உடைந்த ஒன்றை ஒட்டி, 1980இல் இருந்த அதே இடத்தில் ஸ்நேர் விழும்படி செய்திருக்கிறார்கள். அந்த நவம்பரில் எதுவுமே அதே மாதிரி இல்லை. தெரு அதே மாதிரி இல்லை, பண்டிகை அதே மாதிரி இல்லை. வயதான ஒரு குழு வந்து, நாங்கள் மட்டும் அதே மாதிரியே இருக்கிறோம் என்றது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தோன்றியிருக்காது. அந்த ஐந்து பேரும், அதாவது ஆங்கஸ், ஜான்சன், ரட், வில்லியம்ஸ், ஸ்டீவி, சேர்ந்து மக்கள் முன்னால் ஒரு கச்சேரிகூடச் செய்ததில்லை. 2014 ஆல்பத்தை இதே ஐவர்தான் பதிந்தார்கள், ஆனால் சுற்றுப்பயணத்துக்குள் ரட் போய்விட்டார். 'பவர் அப்' வந்தபோது ஊரடங்கு. 2023 அக்டோபர் 7ஆம் தேதி கலிபோர்னியாவின் இண்டியோவில் ஏழு ஆண்டு கழித்து மேடை ஏறியபோது டிரம்ஸில் மேட் லாக் உட்கார்ந்திருந்தார். வில்லியம்ஸ் அன்றைக்கு வந்து வாசித்தார். 2024 ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் அவரும் இல்லை, கிறிஸ் சேனி வந்துவிட்டார். ஆக அந்த ஐவரை இனி யாரும் மேடையில் பார்க்கப் போவதில்லை. வான்கூவரில் அந்தக் கூடத்துக்குள் அவர்கள் ஒன்றாக இருந்தார்கள்.

2024 மே 17, ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் சுற்றுப்பயணத்தின் முதல் நாள். மறுநாள் காலையில் ரசிகர்கள் போனில் எடுத்த காட்சிகள் வரத் தொடங்கின. எல்லோரும் ஆங்கஸின் வெள்ளை முடியையும், ஜான்சனின் குரல் எப்படி இருக்கிறது என்பதையும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் காட்சிகளைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒருவர் மட்டும் நடுவை விட்டுவிட்டு மேடையின் ஓரத்தைப் பிடித்து எடுத்திருந்தார். ஆம்ப்களுக்குப் பக்கத்தில் ஸ்டீவி நிற்கிறார். கால் மட்டும் தட்டுகிறது. கோரஸ் வருகிறது. நாலடி முன்னால் வந்து மைக்கில் பாடுகிறார், பாடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அதே நாலடி பின்னால் போகிறார்.